சர்க்கரை நோய், கிட்னி, அழற்சி: ஒரு 200 வருஷக் கதை

1/
"சர்க்கரை நோயில கிட்னி கெடுறதுக்கு இன்ஃப்ளமேஷன்தான் காரணமாமே டாக்டர்? அப்போ அதைக் குறைக்க ஒரு மாத்திரை எழுதிக் குடுத்தா வேலை முடிஞ்சுதே?"

இந்தக் கேள்வி இப்போதெல்லாம் அடிக்கடி வருது. நல்ல கேள்விதான். முதல் பாதிக்குப் பதில் "ஆமாம், பெரிய பங்கு இருக்கு". ரெண்டாவது பாதிக்குப் பதில் தேடி மருத்துவ உலகம் ரொம்ப வருஷம் அலைஞ்சிருக்கு. சில இடத்துல நல்லா அடியும் வாங்கியிருக்கு. அந்தக் கதைதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க, வீட்ல சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் படிச்சுக் காட்டுங்க.

2/
முதல்ல இன்ஃப்ளமேஷன்னா என்ன? தமிழ்ல அழற்சி. முதலாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த செல்சஸ் அதுக்கு நாலு அடையாளம் எழுதி வெச்சார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி.

காலில் முள் குத்தினா நடக்கிறது இதுதான். உடம்பு தன்னோட காவல்படையான வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்கு அனுப்புது. கிருமியைக் கொல்லணும், செத்த செல்களை அள்ளணும், புண்ணை ஆத்தணும். வேலை முடிஞ்சதும் படை கலைஞ்சிடணும். இந்த அழற்சி நம்மைக் காப்பாத்துறது.

சர்க்கரை நோயில் கிட்னிக்குள்ள நடக்கிறது வேற மாதிரி. சிவப்பு தெரியாது, வலி இருக்காது. படை வரும். ஆனா வருஷக்கணக்கா கலையாம அங்கேயே டேரா போட்டுடும். வலிக்காததால நமக்குத் தெரியவே தெரியாது. நோயாளிக்கு மட்டும் இல்லைங்க, டாக்டர்களுக்கும் ரொம்ப காலம் தெரியலை.

3/
கதை லண்டன்ல தொடங்குது. கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர். உடம்பு ஊதிப்போய் வந்த நோயாளிகளோட சிறுநீரைச் சூடுபடுத்திப் பார்த்தார். ஒரு ஸ்பூன், ஒரு மெழுகுவத்தி, அவ்வளவுதான் லேப். சிலரோட சிறுநீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி உறைஞ்சது. காரணம் ஆல்புமின் என்ற புரதம்.

அந்த நோயாளிகள் இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்தா கிட்னி கெட்டுப் போயிருந்தது. உடம்பு வீக்கம், சிறுநீரில் புரதம், கெட்ட கிட்னி: இந்த மூணுக்கும் முடிச்சுப் போட்டு 1827-ல் எழுதினார். அதுக்கப்புறம் 100 வருஷத்துக்கு கிட்னி நோய்னாலே "பிரைட் நோய்"தான் பேர்.

4/
ஒரே பேருக்குள்ள பல நோய் அடைஞ்சு கிடந்தது. 1914-ல் ஜெர்மனியின் ஃபோல்ஹார்ட், ஃபார் ரெண்டு பேரும் அதை மூணா பிரிச்சாங்க: அழற்சியால் வருவது, செல்கள் சிதைஞ்சு வருவது, இரத்தக்குழாய் தடிச்சு வருவது.

இந்தப் பிரிவு ரொம்ப உதவியா இருந்தது. ஆனா பின்னாடி ஒரு சிக்கலையும் கொண்டு வந்தது. ஒரு நோய் ஒரு பெட்டிக்குள்ள போயிட்டா, அது இன்னொரு பெட்டியிலும் இருக்கலாம்னு யாரும் சுலபத்துல யோசிக்க மாட்டாங்க. அது எப்படின்னு பார்ப்போம்.

5/
அந்தக் காலத்துல சர்க்கரை நோய் வந்த குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் கிட்னி கெட நேரமே இல்லை. அதுக்கு முன்னாடியே உயிர் போயிடும்.

1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் 14 வயசு லெனார்ட் தாம்ஸனுக்கு இன்சுலின் போட்டாங்க. அதுக்கப்புறம் சர்க்கரை நோயாளிகள் 10, 20, 30 வருஷம் வாழ ஆரம்பிச்சாங்க. வாழ வாழ, கண்ணுலயும் நரம்புலயும் கிட்னியிலும் என்ன ஆகுதுன்னு மெதுவா வெளியே வந்தது.

6/
1936. அமெரிக்காவின் பாஸ்டன். நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மனியை விட்டு வந்த பால் கிம்மல்ஸ்டீல், இங்கிலாந்திலிருந்து வந்த கிளிஃபர்ட் வில்சன். இறந்துபோன 8 பேரோட கிட்னியை நுண்ணோக்கியில் பார்த்தாங்க. பெரும்பாலானவங்க சர்க்கரை நோயாளிகள்.

நம்ம ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் குட்டி வடிகட்டிகள் இருக்கு. அந்த வடிகட்டிகளுக்குள்ள உருண்டை உருண்டையா, கண்ணாடி மாதிரி பளபளன்னு முடிச்சுகள் தெரிஞ்சது. இன்னைக்கும் நோயியல் ரிப்போர்ட்ல "கிம்மல்ஸ்டீல்-வில்சன் முடிச்சு"ன்னுதான் எழுதுறோம்.

7/
அந்த முடிச்சுகளைச் சுத்தி வெள்ளை அணுக்கள் கூட்டம் கூட்டமா நிக்கலை. பார்க்க ஆறிப்போன தழும்பு மாதிரிதான் இருந்தது. அதனால சர்க்கரை கிட்னி நோய் "சிதைவு" பெட்டிக்குள்ள போயிடுச்சு. அழற்சி இல்லைன்னு முடிவாச்சு.

சர்க்கரை கூடினா தழும்பு விழும், தழும்பு விழுந்தா ஒண்ணும் பண்ண முடியாது. பல பத்தாண்டுகள் இந்த எண்ணம்தான் ஓடிச்சு. சிறுநீரில் புரதம் போக ஆரம்பிச்ச சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கிட்ட சொல்ல நல்ல செய்தி எதுவும் இல்லாத காலம் அது.

8/
இப்போ திரும்ப அதே கைஸ் மருத்துவமனை. ஆனா 1963. ஹாரி கீன் என்ற மருத்துவர், மெழுகுவத்தியில் உறையாத அளவுக்குக் கொஞ்சமா போற ஆல்புமினைக் கூட அளக்கிற முறையைத் தன் சகாவோட சேர்ந்து கொண்டு வந்தார்.

அதே குழு 1966-67ல் டைப் 1 சர்க்கரை நோயாளிகள் சிலரோட சிறுநீரை இப்படி அளந்து வெச்சிருந்தது. 14 வருஷம் கழிச்சு அவங்களைத் தேடிப் போனாங்க. 63 பேர் கிடைச்சாங்க. ஆரம்பத்துல இந்தச் சின்னக் கசிவு இருந்த 8 பேர்ல 7 பேருக்கு கிட்னி நோய் வந்திருந்தது. கசிவு இல்லாத 55 பேர்ல வெறும் 2 பேருக்கு. 1982-ல் வைபர்ட்டி தலைமையில் இது வெளிவந்தது.

9/
இதோட அர்த்தம் பெருசு. கண்ணுக்குத் தெரியாத, வலிக்காத, கிரியாட்டினின் ஏறாத காலத்துலயே கிட்னி ஒரு சைகை காட்டுது. நாம பார்த்தா மட்டும் போதும். "மைக்ரோ ஆல்புமின்" டெஸ்ட்னு இன்னைக்கு லேப்ல எழுதிக் கொடுக்கிறது இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

சரி, கண்டுபிடிச்சாச்சு. தடுக்க என்ன வழி?

10/
1980களின் தொடக்கத்துல டென்மார்க்கின் மோகென்சன், பார்விங் ரெண்டு பேரும், இரத்த அழுத்தத்தைக் குறைச்சா கிட்னி கெடும் வேகம் குறையுதுன்னு காட்டினாங்க. அமெரிக்காவில் பாரி பிரென்னர் குழு, வடிகட்டிக்குள்ள இருக்கும் அழுத்தமே அதைக் கொல்லுதுன்னு எலிகளில் காட்டியது.

தண்ணிக் குழாயில் பிரஷர் அதிகமானா ஃபில்டர் கிழியும் இல்லையா, அதே கணக்குதான். அப்போ அந்த உள்பிரஷரைக் குறைக்க மருந்து வேணும். அது வந்த வழி விசித்திரம்.

11/
பிரேசிலில் ஜராராகா என்று ஒரு விரியன் பாம்பு. கடிச்சா பிரஷர் சரசரன்னு இறங்கும். பிரேசில் விஞ்ஞானி செர்ஜியோ ஃபெரேரா அந்த விஷத்திலிருந்து பிரிச்ச பொருளை 1960களில் லண்டனில் ஜான் வேன் என்பவரோட ஆய்வகத்துக்குக் கொண்டு வந்தார். உடம்பில் ஆஞ்சியோடென்சின் 2 என்ற, பிரஷரை ஏத்தும் பொருள் உருவாவதை அது தடுக்குதுன்னு தெரிஞ்சது.

வேன் சொன்ன யோசனையில் ஸ்குவிப் கம்பெனியின் குஷ்மன், ஒண்டெட்டி ரெண்டு பேரும் அதை மாத்திரையா மாத்தினாங்க. அதுதான் கேப்டோபிரில். 1981-ல் அமெரிக்காவில் அனுமதி. ஜான் வேன் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, அவர் இன்னொரு தடவை வருவார்.

12/
1993-ல் லூயிஸ் குழுவோட ஆய்வு. டைப் 1 சர்க்கரையால் கிட்னி பாதிச்ச 409 பேர். பாதிப் பேருக்கு கேப்டோபிரில், மீதிப் பேருக்கு வெத்து மாத்திரை. ரெண்டு பக்கமும் பிரஷரை மற்ற மருந்துகளால் கட்டுப்பாட்டில் வெச்சாங்க.

இறப்பு, டயாலிசிஸ், கிட்னி மாற்று மூணையும் சேர்த்து எண்ணினா, வெத்து மாத்திரை பக்கம் 42 பேர், கேப்டோபிரில் பக்கம் 23 பேர். சர்க்கரையால் கெடும் கிட்னியை மருந்தால் காப்பாத்த முடியும்னு உலகம் உறுதியா நம்பினது அன்னைக்குத்தான்.

2001-ல் டைப் 2 நோயாளிகளுக்கு லோசார்டான், இர்பெசார்டான் ரெண்டும் இதே வேலையைச் செய்யும்னு நிரூபணமாச்சு. லோசார்டான் ஆய்வில் மட்டும் 1513 பேர். கிட்னி முழுசா செயலிழக்கும் ஆபத்து 28 சதவீதம் குறைஞ்சது.

13/
ஆனா கேப்டோபிரில் ஆய்விலேயே ஒரு புதிர் இருந்தது. பிரஷர் குறைஞ்சதை மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டா இவ்வளவு நன்மை வரக்கூடாது. இந்த மருந்து வேற ஏதோ வேலையும் செய்யுது. என்ன அது?

பதில் அழற்சி பக்கத்திலிருந்து வந்தது. பெட்டியை மூடி வெச்சு 50 வருஷம் கழிச்சு.

14/
1986-ல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் ரெண்டு பேரும் செல்லுக்குள்ள ஒரு சுவிட்சைக் கண்டுபிடிச்சாங்க. பேர் என்எஃப்-கப்பா-பி. இதைத் தட்டினா அழற்சி ஜீன்கள் வரிசையா எரிய ஆரம்பிக்கும்னு பின்னாடி தெரிஞ்சது.

1991-ல் ஜப்பானின் ஹசெகாவா குழு, சர்க்கரை நோய் வந்த எலிகளின் கிட்னி வடிகட்டிச் சவ்வை எடுத்து, மேக்ரோஃபேஜ் என்ற பெருவிழுங்கி செல்களோட சேர்த்து வெச்சுப் பார்த்தது. சாதாரண எலியின் சவ்வோட இருந்ததைவிட அதிகமா டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-1 என்ற ரெண்டு "அபாயச் சங்கு" புரதங்களை அந்தச் செல்கள் சுரந்தன. சர்க்கரையில் ஊறின சவ்வே காவல்படையை உசுப்பி விடுதுன்னு அர்த்தம்.

15/
அதுக்கப்புறம் நோயாளிகளின் பயாப்சிகளை மறுபடி சிறப்புச் சாயம் போட்டுப் பார்த்தாங்க. இருக்கு! மேக்ரோஃபேஜ்கள் வடிகட்டிக்குள்ளயும், அதைச் சுத்தியுள்ள இடைவெளியிலும் உட்கார்ந்திருக்கு. 1936-ல் சாதாரணச் சாயத்துல கண்ணுக்குப் படாத படை.

மேட்ரிட் உள்ளிட்ட இடங்களில் நடந்த ஆய்வுகள் இன்னொண்ணும் காட்டின. அந்த ஆஞ்சியோடென்சின் 2 வெறும் பிரஷர் ஏத்துற பொருள் இல்லை. கிட்னி செல்லில் அந்த என்எஃப்-கப்பா-பி சுவிட்சைத் தட்டுறதே அதுதான். கேப்டோபிரில் புதிர் பாதி அவிழ்ந்தது. பிரஷர் மாத்திரைன்னு நாம நினைச்சது, அழற்சியையும் சத்தமில்லாம அடக்கிக்கிட்டு இருந்திருக்கு.

16/
மொத்தக் கதையையும் ஒரே மூச்சுல சொல்றேன்.

அதிக சர்க்கரையும் அதிக உள்பிரஷரும் வடிகட்டியை நோகடிக்குது. நொந்த கிட்னி செல்கள் எம்சிபி-1 என்ற புரதத்தை விட்டு "இங்கே வாங்க"ன்னு கூப்பிடுது. இரத்தத்தில் போற வெள்ளை அணுக்கள் உள்ளே வந்து மேக்ரோஃபேஜ் ஆகுது. அவை டிஎன்எஃப் போன்றவற்றைச் சுரக்குது. அதில் கிட்னி இன்னும் நோகுது, இன்னும் கூப்பிடுது. கடைசியில் புண்ணை ஆத்துறதா நினைச்சு தழும்புத் திசு போடப்படுது. தழும்பு விழுந்த வடிகட்டி திரும்ப வராது.

17/
இது நிஜமான காரணமா, சும்மா கூட நிக்கிற கூட்டமா? 2006-ல் ஆஸ்திரேலியாவில் எம்சிபி-1 இல்லாத எலிகளுக்குச் சர்க்கரை நோய் வரவெச்சுப் பார்த்தாங்க. சர்க்கரை அதே அளவு ஏறியிருந்தது. ஆனா கிட்னிக்கு வந்த மேக்ரோஃபேஜும் கம்மி, சேதமும் கம்மி.

மனிதர்களில்? பாஸ்டனின் ஜோஸ்லின் மையம் டைப் 2 நோயாளிகள் 410 பேரை 12 வருஷம் தொடர்ந்து, 2012-ல் வெளியிட்டது. இரத்தத்தில் டிஎன்எஃப் ஏற்பி-1 அளவு மிக அதிகமா இருந்த கால்வாசிப் பேரில் 54 சதவீதம் பேருக்கு கிட்னி முழுசா போச்சு. மீதி முக்கால்வாசிப் பேரில் வெறும் 3 சதவீதம்.

அப்போ அழற்சி குற்றவாளிக் கூண்டில் ஏறியாச்சு. அடுத்த யோசனை எல்லாருக்கும் வருவதுதான்: நேரா அதையே அடிச்சிட்டா?

18/
இந்த யோசனைக்கு ஒரு பழைய முன்கதை இருக்கு. 1876-லேயே ஜெர்மனியின் எப்ஸ்டைன், சோடியம் சாலிசிலேட் கொடுத்தா சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறையுதுன்னு எழுதினார். ஆஸ்பிரினோட அண்ணன் முறை அந்த மருந்து. 1901-ல் மான்செஸ்டரின் வில்லியம்சனும் அதையே பார்த்தார். இன்சுலின் வந்ததும் எல்லாரும் மறந்துட்டாங்க.

100 வருஷம் கழிச்சு, 2001-ல், அதிக டோஸ் சாலிசிலேட் அதே என்எஃப்-கப்பா-பி பாதையைத் தடுப்பதால்தான் எலிகளில் சர்க்கரை குறையுதுன்னு தெரிஞ்சது. சுவாரசியமான விஷயம். ஆனா அந்த டோஸில் காது இரையும், வயிறு புண்ணாகும். கிட்னி நோயாளிக்கு அது மருந்தே இல்லை.

19/
ஏன் இல்லை? இங்கேதான் ஜான் வேன் திரும்ப வர்றார். ஆஸ்பிரின் மாதிரி மருந்துகள் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு தயாரிக்க விடாம தடுக்குதுன்னு 1971-ல் கண்டுபிடிச்சவர் அவர்தான். 1982-ல் நோபல் பரிசு.

மூட்டு வலியில் புராஸ்டாகிளாண்டின் எதிரி. ஆனா கிட்னியில் அது தோழன். பலவீனமான கிட்னிக்கு இரத்தம் உள்ளே வரும் குழாயைத் திறந்து வெச்சுக்கிறது அதுதான். வலி மாத்திரை போட்டா அந்தக் கதவு சுருங்கிடும்.

பாருங்க, ஒரே மனுஷன் கைப்பட்ட ரெண்டு கதை. பாம்பு விஷத்திலிருந்து வந்த பிரஷர் மாத்திரை கிட்னியில் அழற்சியைக் குறைச்சுக் காப்பாத்துது. அழற்சி மாத்திரைன்னே பேர் வாங்கினது கிட்னியைக் கெடுக்குது.

20/
அதனால இதைத் தனியா சொல்றேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க.

டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகளை கிட்னி பாதிப்பு உள்ள சர்க்கரை நோயாளி மெடிக்கல் ஷாப்பில் தானா வாங்கிப் போடக்கூடாது. ஏற்கெனவே லோசார்டான், டெல்மிசார்டான், எனலாப்ரில் மாதிரி மாத்திரையும், நீர் போகும் மாத்திரையும் சாப்பிடுறவங்க இதையும் சேர்த்துப் போட்டா ஒரே வாரத்தில் கூட கிரியாட்டினின் எகிறலாம். "வீக்கம் குறையுற மாத்திரைதானே, கிட்னி வீக்கமும் குறையட்டும்"னு நினைச்சுடாதீங்க.

(டாக்டர் இதயத்துக்காகக் கொடுத்த சின்ன டோஸ் ஆஸ்பிரினை இதைப் படிச்சிட்டு நிறுத்திடாதீங்க. அது வேற கணக்கு.)

21/
"சரி, ஸ்டீராய்டு?" அழற்சியை அடக்குவதில் அது பெரிய ஆள்தான். ஆனா சர்க்கரையைக் கண்டபடி ஏத்திவிடும். விறகு போட்டுக்கிட்டே தண்ணி ஊத்துற கதை. சர்க்கரை கிட்னி நோய்க்கு அது சிகிச்சை இல்லை.

22/
அடுத்து புது மருந்துகள். பார்டாக்சலோன் என்று ஒண்ணு. என்எஃப்-கப்பா-பியை அடக்கும், செல்லின் தற்காப்பை எழுப்பும். 2011-ல் வந்த முதல் கட்ட முடிவில் கிட்னி செயல்திறன் எண் ஏறிச்சு. கிட்னி உலகமே எழுந்து உட்கார்ந்தது. அதுவரை எல்லா மருந்தும் சரிவைத்தான் மெதுவாக்கும், எண்ணை யாரும் ஏத்தினதில்லை.

பெரிய ஆய்வு தொடங்கிச்சு. 2185 பேர். 2012 அக்டோபரில் பாதியில் நிறுத்திட்டாங்க. இதயச் செயலிழப்பு மருந்து பக்கம் 96 பேருக்கு, வெத்து மாத்திரை பக்கம் 55 பேருக்கு. டயாலிசிஸும் குறையலை. லேப் ரிப்போர்ட்டில் ஒரு எண் அழகா ஏறினா நோயாளி பிழைச்சிட்டார்னு அர்த்தம் இல்லைன்னு அன்னைக்கு எல்லாரும் படிச்ச பாடம்.

23/
2017-ல் இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் கனாகினுமாப் ஊசி. ஹார்ட் அட்டாக் வந்து பிழைச்ச 10,061 பேரில் சோதனை. மறுபடி வரும் இதயப் பிரச்சினைகள் குறைஞ்சது. ஆனா உயிரைப் பறிக்கும் நோய்த்தொற்றுகள் கூடிச்சு. அவங்களில் கிட்னி பாதிச்சவங்களைத் தனியா எடுத்துப் பார்த்தா, கிட்னிக்குச் சொல்லிக்கொள்ளும்படி நன்மை இல்லை.

முடக்குவாத மருந்தான பாரிசிட்டினிப் 129 பேரில் முயற்சி செய்யப்பட்டது. 24 வாரத்தில் ஆல்புமின் கசிவு 41 சதவீதம் குறைஞ்சது, நல்ல அறிகுறி. கூடவே ஹீமோகுளோபினும் குறைஞ்சது. சின்ன ஆய்வு. இதை வெச்சு யாருக்கும் மருந்து எழுத முடியாது.

24/
ஏன் இப்படி? காவல்படையை மொத்தமா கட்டிப்போட்டா, அது செய்ய வேண்டிய நல்ல வேலையும் நின்னு போகுது. அதுவும் இல்லாம, படையைக் கூப்பிடும் காரணம் உள்ளேயே இருக்கு. ஒரு கதவை அடைச்சா இன்னொரு கதவு வழியா வரும்.

நம்ம ஊர்ல ஒரு பழமொழி இருக்கு: எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும். உலை பொங்குதுன்னு மூடியை அழுத்திப் பிடிச்சா கைதான் சுடும். அடியில் இருக்கும் விறகை இழுக்கணும். கடந்த 10 வருஷத்தில் ஜெயிச்ச மருந்துகள் பெரும்பாலும் விறகை இழுத்தவைதான்.

25/
முதல் விறகு: உள்பிரஷர். 1835-ல் ஆப்பிள் மர வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற பொருளைப் பிரிச்சாங்க. 1886-ல் ஃபான் மெரிங் அதைக் கொடுத்தா சிறுநீரில் சர்க்கரை கொட்டுதுன்னு பார்த்தார். அதோட வாரிசுகள்தான் இன்றைய டாபாக்லிஃப்லோசின், எம்பாக்லிஃப்லோசின், கனாக்லிஃப்லோசின்.

2019-ல் கனாக்லிஃப்லோசின் ஆய்வு: 4401 பேர், எல்லாரும் ஏற்கெனவே லோசார்டான் வகை மருந்தில் இருந்தவங்க. கிட்னி செயலிழப்பு போன்ற முக்கியப் பாதிப்புகளின் ஆபத்து 30 சதவீதம் குறைஞ்சது. பலன் தெளிவா இருந்ததால ஆய்வையே முன்கூட்டி முடிச்சாங்க. இந்த மருந்து வடிகட்டியின் உள்பிரஷரைக் குறைக்குது. அதோட, இரத்தத்தில் டிஎன்எஃப் ஏற்பி-1, இன்டர்லூக்கின்-6 அளவுகளும் இறங்கின. விறகை இழுத்ததும் கொதி அடங்கியிருக்கு.

26/
ரெண்டாவது விறகு: ஆல்டோஸ்டீரான். 1953-ல் பிரிச்செடுக்கப்பட்ட ஹார்மோன். உப்பைப் பிடிச்சு வைப்பதுதான் வேலைன்னு ரொம்ப காலம் நினைச்சாங்க. 1990களில் எலிகளில் பார்த்தப்போ, கிட்னியிலும் இதயத்திலும் அழற்சியும் தழும்பும் உண்டாக்குவதும் அதேதான்னு தெரிஞ்சது.

அதைத் தடுக்கும் புது மருந்து ஃபினெரெனோன். 2020-ல் 5674 டைப் 2 நோயாளிகளில் முடிவு வந்தது. வெத்து மாத்திரை பக்கம் 100க்கு 21 பேருக்கு கிட்னி பாதிப்பு முற்றியது, மருந்து பக்கம் 100க்கு 18 பேருக்கு. "மூணு பேர்தானா?"ன்னு தோணலாம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. நூத்துல மூணுன்னா எத்தனை குடும்பம்னு நீங்களே கணக்குப் போடுங்க. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம் என்பதால் டெஸ்ட் பார்த்துப் பார்த்துத்தான் இதைக் கொடுக்கணும்.

27/
மூணாவது விறகு: சர்க்கரையும் உடல் எடையும். செமாகுளூடைட் ஊசியில் 3533 பேரை வெச்சு நடந்த ஆய்வு 2024-ல் வெளிவந்தது. பெரிய கிட்னி பாதிப்புகள் 24 சதவீதம் குறைஞ்சது. இதுவும் முன்கூட்டியே முடிக்கப்பட்ட ஆய்வு. இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவையும் இந்த மருந்து இறக்குது.

2025-ல் இன்னொரு கேள்விக்குப் பதில் வந்தது. ஃபினெரெனோன், எம்பாக்லிஃப்லோசின் ரெண்டையும் ஒண்ணா ஆரம்பிச்சா? ஆறு மாசத்தில் ஆல்புமின் கசிவு 52 சதவீதம் குறைஞ்சது. தனித்தனியா கொடுத்ததைவிட நல்ல பலன். ஆனா கசிவு குறைஞ்சது வேற, டயாலிசிஸ் தள்ளிப்போனது வேற. பார்டாக்சலோன் பாடத்தை மறக்கக்கூடாது.

28/
ஆக, முதல் கேள்விக்குப் பதில் இதுதான். சர்க்கரை கிட்னி நோயில் அழற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனா "அழற்சி மாத்திரை"ன்னு ஒரே ஒரு மாத்திரை இன்னைக்கு இல்லை. அழற்சியை நேரடியா குறிவைக்கும் புது மருந்துகள் இன்னும் சோதனையில் இருக்கு. அதில் ஏதாவது ஜெயிச்சா முதல் ஆளா நானே வந்து எழுதுவேன்.

அதுவரைக்கும் உங்க பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, டாக்டர் சேர்த்த புது மாத்திரை, இவைதான் உங்க அழற்சி மருந்தும். "பிரஷர் நார்மல் ஆயிடுச்சே"ன்னு லோசார்டானை நீங்களா நிறுத்தாதீங்க. அது பிரஷருக்கு மட்டும் எழுதினதா இல்லாம இருக்கலாம்.

29/
இந்தக் கதையில் நம்ம ஊருக்கும் ஒரு பக்கம் இருக்கு. 2007-ல் சென்னை நகர மக்களிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. சர்க்கரை நோயாளிகளில் 2.2 சதவீதம் பேருக்கு கிட்னி பாதிப்பு வெளிப்படையா இருந்தது. ஆனா சின்னக் கசிவு, அந்த மைக்ரோ ஆல்புமின், 26.9 சதவீதம் பேருக்கு. அதாவது நாலில் ஒருத்தருக்கும் மேல.

அந்த நாலில் ஒருத்தர் நல்லா நடப்பார், நல்லா சாப்பிடுவார், கிரியாட்டினினும் பெரும்பாலும் நார்மலா இருக்கும். அவருக்குத்தான் இந்த மருந்துகளால் அதிக லாபம். தழும்பு விழுந்தபின் வந்தா எங்க கையில் மிச்சம் இருப்பது கம்மி.

30/
அதனால செய்ய வேண்டியது:

- டைப் 2 சர்க்கரைன்னு தெரிஞ்ச அன்னைக்கே, அப்புறம் வருஷம் ஒரு தடவை, சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பாருங்க. டைப் 1 என்றால் 5 வருஷத்திலிருந்து ஆரம்பிங்க. 30க்குக் கீழே இருந்தா நல்லது.
- அதிகமா வந்தா பயப்படாதீங்க. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சியால கூட ஏறும். 3 முதல் 6 மாசத்துக்குள்ள மறுபடி பார்த்து உறுதி செய்யணும்.
- கூடவே இரத்தத்தில் கிரியாட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர்.
- சர்க்கரை, பிரஷர், உப்பு, புகை. இந்த நாலும்தான் அடிவிறகு.

31/
- கடுமையான வாந்தி, பேதி வந்து தண்ணி கூட உள்ளே நிக்கலைன்னா, அந்த நாட்களில் இந்த மாத்திரைகளில் சிலதை நிறுத்தி வைக்க வேண்டி வரும். உடனே உங்க டாக்டரைக் கேளுங்க.
- கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் லோசார்டான், எனலாப்ரில் வகை சாப்பிட்டுக்கிட்டிருந்தா முன்னாடியே டாக்டரிடம் சொல்லுங்க. மருந்தை மாத்தணும்.
- "கிட்னி வீக்கம் போக்கும்"னு வாட்ஸ்அப்பில் வரும் பொடி, கஷாயம் எதையும் மருத்துவர் பார்க்காம ஆரம்பிக்காதீங்க.

32/
பிரைட் காலத்தில் ஸ்பூனில் உறைஞ்ச பிறகுதான் நோய் தெரிஞ்சது. அப்போ செய்ய எதுவும் இல்லை. இன்னைக்கு உறையுறதுக்குப் பல வருஷம் முன்னாடியே தெரிஞ்சுக்கலாம், செய்யவும் நிறைய இருக்கு. இடையில் குறையுறது அந்த ஒரு டப்பா சிறுநீர் மட்டும்தான்.

உங்க அப்பா, அம்மா, மாமனார், மாமியார், யாருக்குச் சர்க்கரை இருந்தாலும் கடைசியா யூரின் ஆல்புமின் எப்போ பார்த்தாங்கன்னு இன்னைக்கே கேளுங்க. ஞாபகம் இல்லைன்னு சொன்னா இந்த வாரமே கூட்டிட்டுப் போங்க.

சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, நேரம் கிடைக்கும்போது பதில் போடுறேன்.